வண்டி மாறும் முனைகள்: சிகாகோவின் கடைத்தெருக்கள் எழுந்ததும் விழுந்ததும்

சிகாகோவில் ஒரு கதவு எண்ணைச் சொன்னால், அந்த இடம் ஊரின் நடுவிலிருந்து எத்தனை மைல் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். மைலுக்கு 800 எண்கள். கணக்குத் தொடங்கும் புள்ளி ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனை. ‘வடக்கு 1600’ என்றால் அங்கிருந்து வடக்கே இரண்டு மைல். ‘மேற்கு 2400’ என்றால் மேற்கே மூன்று மைல். (தெற்கே போகும்போது மட்டும் முதல் மூன்று மைலுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் இடறும், அப்புறம் சரியாகிவிடும்.) 1909-ல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டுக்காகப் பல ஆண்டு மல்லுக்கட்டியவர் எட்வர்ட் பிரென்னன். அவர் அதிகாரியும் இல்லை, பொறியாளரும் இல்லை. அப்பாவின் மளிகைக் கடைச் சரக்கை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்த ஊரில் அலைந்து நொந்தவருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

ஊருக்கு நடு எது என்று கேட்டால் பழைய நகரங்கள் கோட்டையையோ கோயிலையோ காட்டும். சிகாகோ காட்டுவது கடைவீதியில் ஒரு முனையை. அந்த முனை எப்படி நடுவாயிற்று என்று பார்க்கப்போனால், இந்த ஊரின் பேட்டைகளுக்கும் கடைத்தெருக்களுக்கும் உள்ள உறவே பிடிபடத் தொடங்கும். எனக்குத் தோன்றுவது இதுதான்: இங்கே கடைத்தெருவுக்கு இடம் குறித்தவர்கள் பெரும்பாலும் வண்டி மாறுகிற பயணிகள். ஒரு டிராமிலிருந்து இறங்கி அடுத்ததற்காகக் காத்து நிற்பவர்கள் எந்த முனையில் அதிகமோ, அங்கே கடை முளைத்தது. அவர்கள் வேறு வழியில் போகத் தொடங்கியதும் கடைகளின் கதி என்ன ஆயிற்று என்பது மீதிக் கதை.

1848-ஆம் ஆண்டை இந்த ஊரின் ஜாதகம் எழுதிய ஆண்டு என்று சொல்லலாம். மிஷிகன் ஏரியை மிசிசிப்பி ஆற்றுப் பாதையோடு இணைக்கும் கால்வாய் அந்த ஆண்டு திறந்தது. முதல் ரயில் ஓடியது. தானிய வியாபாரிகள் தங்கள் வாரியத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். சரக்கு ஆற்றில் வந்து இறங்கியதால் ஆற்றங்கரையை ஒட்டிய சவுத் வாட்டர் தெரு காய்கறி, பழம், கோழி, முட்டை எல்லாவற்றுக்கும் மண்டியானது. அதற்கு ஒரு தெரு தள்ளி, ஆற்றுக்கு இணையாக ஓடிய லேக் தெருதான் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் இருந்த பகட்டான வீதி. மண்டிக்குப் பின்புறம் பட்டுக்கடை என்றால் வாடை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதை யோசித்துப் பார்த்தவர் பாட்டர் பாமர். லேக் தெருவில் துணிக்கடை வைத்துப் பெரும் பணம் பண்ணியவர். 1865-ல் கடையை மார்ஷல் ஃபீல்டு, லீவை லைட்டர் என்ற இரண்டு இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்டேட் தெருவில் ஏறக்குறைய முக்கால் மைல் நீளத்துக்கு மனைகளை வாங்கிப்போட்டார். அப்போது அது குறுகலான, சேறு நிறைந்த தெரு. ஆனால் அதில் ஒன்று இருந்தது: நகரின் முதல் குதிரை டிராம் 1859-ல் அந்தத் தெருவில்தான் ஓடத் தொடங்கியது. பாமர் தெருவை அகலப்படுத்த வைத்தார், பளிங்கு முகப்போடு ஒரு பெரிய கட்டடம் எழுப்பினார், 1868-ல் ஃபீல்டும் லைட்டரும் அதற்கு வாடகைக்கு வந்தார்கள். ஊரின் கடைவீதி தொண்ணூறு பாகை திரும்பிக்கொண்டது. ஆற்றோடு கிழக்கு மேற்காக ஓடியது, இப்போது ஆற்றை விட்டு விலகித் தெற்கு நோக்கி நீண்டது.

மூன்றே ஆண்டில், 1871 அக்டோபரில், பெருந்தீ. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். பாமர் கட்டிய சொகுசு ஓட்டல் திறந்து 13 நாள்தான் ஆகியிருந்தது, அதுவும் போயிற்று. கடை எரிந்த ஃபீல்டும் லைட்டரும் சில வாரங்களில் மறுபடி வியாபாரத்தைத் தொடங்கிய இடம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த கட்டம். ஸ்டேட் தெருவும் 20-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த டிராம் குதிரைக் கொட்டகை! லாயத்தைக் கழுவித் துடைத்துப் பட்டும் லேசும் அடுக்கினார்கள். வாடிக்கையாளர் வரும் வழி எதுவோ அதன் ஓரத்திலேயே உட்கார வேண்டும் என்பதைத் தீயும் மாற்றவில்லை.

1882 முதல் நிலத்தடிக் கயிற்றால் இழுக்கப்பட்ட டிராம்கள் ஓடின. நகர் நடுவுக்கு வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பின. 1897-ல் தூண்கள் மேல் ஓடும் ரயில் பாதைகள் எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் இணைத்தார்கள். இன்றும் தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருக்கும் அந்த இரும்பு வளையத்தால் அந்தப் பகுதிக்கே லூப் என்ற பெயர் நிலைத்தது. இணைத்தவர் சார்லஸ் யெர்க்ஸ், டிராம் கம்பெனிகளை வளைத்துப்போட்ட முதலாளி, ஊரார் வாயில் அதிகம் விழுந்தவர். வாபாஷ் தெரு ரயில் மேடையிலிருந்து நேராகக் கடையின் மேல்மாடிக்கே நுழையும்படி பாலங்கள்கூட இருந்தன. தரையில் கால் வைக்காமலே சாமான் வாங்கித் திரும்பலாம்.

வடக்கு, மேற்கு, தெற்கு என்று எங்கிருந்து எங்கே போக வேண்டுமானாலும் லூப்பில் வந்து மாற வேண்டும் என்ற நிலையில், ஸ்டேட் தெருவில் ஏழெட்டுப் பெருங்கடைகள் வரிசையாக நின்றன. ஃபீல்டு கடை சீமாட்டிகளுக்கு. அதன் உட்கூரையில் 1907-ல் டிஃபனி பதித்த வண்ணக் கண்ணாடிச் சித்திரம் இன்னும் இருக்கிறது. ‘தி ஃபேர்’ சிக்கனக்காரர்களுக்கு. நடுவில் கார்சன் பிரி ஸ்காட், மேண்டல் பிரதர்ஸ் என்று வசதிக்கேற்ப கடைகள். கதவு எண் கணக்கு தொடங்கும் அதே முனையில்தான் லூயிஸ் சலிவன் வடிவமைத்த கார்சன் கட்டடம் நிற்கிறது. அதன் வளைந்த வாசலில் வார்ப்பிரும்பில் கொடியும் இலையுமாக இழைத்த வேலைப்பாட்டைப் பார்த்தால், இது துணிக்கடை வாசலா தேர்ச் சிற்பமா என்று சந்தேகம் வரும். 2007-ல் கார்சன் மூடியது. 2012-ல் அந்த வாசலுக்குள் டார்கெட் வந்தது. ஃபீல்டு கடை 2006-லேயே மேசீஸ் ஆகிவிட்டிருந்தது, பெயரை மாற்றியதற்கு ஊரே கொதித்தது.

லூப் மட்டும்தான் கடைவீதி என்று நினைத்துக்கொண்டால் சிகாகோ புரியாது. இந்த ஊர் சதுரங்கப் பலகை மாதிரி. மைலுக்கு ஒரு பெருந்தெரு, அரை மைலுக்கு ஒரு நடுத்தரத் தெரு. அந்தத் தெருக்களில்தான் டிராம்கள் ஓடின. ஆக, பலகையில் கோடுகள் வெட்டும் இடமெல்லாம் வண்டி மாறும் இடம். இவற்றோடு மூலைவிட்டமாகச் சில தெருக்கள் குறுக்கே ஓடுகின்றன: மில்வாக்கி, லிங்கன், கிளார்க், ஆர்ச்சர், ஆக்டன். மில்வாக்கி போன்றவை நகரம் வருவதற்கு முன்பே இம்மண்ணின் பழங்குடிகள் நடந்த தடங்கள். பிறகு பலகை பரப்பிய வண்டிப்பாதை ஆனவை. இரண்டு நேர்த்தெருக்கள் வெட்டும் முனையில் இப்படி ஒரு மூலைவிட்டமும் சேர்ந்தால் ஆறு முனைகள், மூன்று வழித்தடங்கள். அங்கே மனை விலை எகிறும்.

அப்படிப்பட்ட முனைக்கு ஒரு வாய்பாடே இருந்தது. வங்கி ஒன்று, ஒரு பெருங்கடை, ஒரு சினிமா மாளிகை. மாடியில் பல் மருத்துவர், வக்கீல், தையல்காரர். முனையிலிருந்து தள்ளிப்போகப் போக மரச்சாமான் கடை, இரும்புக்கடை, கடைசியில் வீடுகள். லிங்கன், பெல்மான்ட், ஆஷ்லண்ட் சந்திப்பில் வீபோல்ட்ஸ் கடை. கோல்ட்பிளாட்ஸ் 1914-ல் சிகாகோ அவென்யூவில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சிறு கடையாக இருந்து, உழைக்கும் மக்கள் குடியிருந்த முனைகளுக்குக் கிளை பரப்பியது. அப்டவுனில் 1900-ல் உயர்பாதை ரயில் வில்சன் தெருவோடு நின்றது. எல்லோரும் அங்கே இறங்கியாக வேண்டும். கால் நூற்றாண்டில் அங்கே 4,381 இருக்கைகளோடு அப்டவுன் தியேட்டர் எழுந்தது. 1981-ல் மூடிய அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை.

இங்கே நகராட்சி ஒரு பெரிய தப்புக் கணக்குப் போட்டது. 1923-ல் சிகாகோ முதன்முதலாக நிலப் பயன்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, டிராம் ஓடிய தெருக்களின் இருபுறமும் மைல் கணக்கில் ‘வணிகம்’ என்று வர்ணம் பூசிவிட்டார்கள். முனையில் கடை ஓடுகிறது என்றால் முனைக்கும் முனைக்கும் நடுவிலும் ஓடும் என்ற நினைப்பு. ஊர் வளர்ந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை வேறு. அந்த அளவுக்குக் கடை எந்தக் காலத்திலும் தேவைப்படவில்லை. இன்றும் சிகாகோவில் பேருந்தில் போனால், பழுப்புச் செங்கல் இரண்டு மாடிக் கட்டடங்கள், கீழே கடை மேலே வீடு என்று கட்டி, கீழ்த்தளம் பலகை அடித்துக் கிடப்பதைத் தெரு தெருவாகப் பார்க்கலாம். அவற்றில் சில காலப்போக்கில் காலியானவை. பல, முதலிலிருந்தே தேவைக்கு மேல் கட்டப்பட்டவை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ‘வீழ்ச்சி’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

உண்மையான வீழ்ச்சிக்கு எங்கிள்வுட் போக வேண்டும். தெற்கு 6300, மேற்கு 800: 63-ஆம் தெருவும் ஹால்ஸ்டெடும் சந்திக்கும் முனை. ஒரு காலத்தில் லூப்புக்கு வெளியே ஊரிலேயே பரபரப்பான கடைவீதி. டிராம் வழித்தடங்கள், உயர்பாதை ரயில், வெளியூர் ரயில்கள் நிற்கும் எங்கிள்வுட் நிலையம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். 1934-ல் சியர்ஸ் அங்கே ஜன்னலே இல்லாத ஒரு பெருங்கடையைக் கட்டியது. உள்ளே குளிர்சாதனம், செயற்கை வெளிச்சம், அன்றைக்கு அது அதிசயம். ஒரு விதத்தில் அது பிற்காலத்தின் முன்னோட்டமும்கூட: தெருவைப் பார்க்காத கடை.

1952-ல் நகர எல்லைக்கு அருகே எவர்கிரீன் பிளாசா என்ற வணிக வளாகம் திறந்தது. இலவசமாகக் கார் நிறுத்தலாம். 1958-ல் கடைசி டிராம் ஓடி முடிந்தது. எங்கிள்வுட்டில் வெள்ளையர் குடும்பங்கள் வேகவேகமாக வெளியேறின. பேட்டையில் கறுப்பினத்தவர் குடியேறினால் மனை விலை விழும் என்று பயமுறுத்தி வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வந்தவர்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்ற தரகர்கள் அதில் நன்றாகவே சம்பாதித்தார்கள். வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள், கடைசித் தவணை கட்டும்வரை வீடு தன் பெயருக்கு வராத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஒரு தவணை தவறினால் கட்டிய பணமும் வீடும் சேர்ந்தே போய்விடும். மாத வருமானத்தைத் தவணை விழுங்கியபின் கடைக்குப் போக மிச்சம் என்ன இருக்கும்?

மாநகராட்சி இதற்குக் கண்ட மருந்து இன்னும் விசித்திரம். வணிக வளாகத்தோடு போட்டி போட வேண்டுமானால் நாமும் வணிக வளாகம் ஆகிவிடலாம் என்று, 1960-களின் இறுதியில் முனையைச் சுற்றிய தெருக்களில் வண்டி போகாமல் அடைத்து நடைவெளி ஆக்கினார்கள். சுற்றிலும் வீடுகளை இடித்து வாகன நிறுத்துமிடம் போட்டார்கள். அதாவது, நடந்து வரும் வாடிக்கையாளரின் வீட்டை இடித்து, காரில் வரப்போகும் வாடிக்கையாளருக்கு இடம் ஒதுக்கினார்கள். காரில் யாரும் வரவில்லை. 1976-ல் சியர்ஸ் மூடியது. 1960-ல் எங்கிள்வுட்டின் மக்கள்தொகை சுமார் 97,000. 2020-ல் 25,000-க்கும் கீழே. 2007-ல் அந்த முனைக்கு ஒரு கல்லூரி வளாகம் வந்தது. 2016-ல் விலை கூடிய சரக்குக்குப் பேர்போன ஹோல் ஃபுட்ஸ் வந்தபோது நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. 2022 நவம்பரில் அது மூடியபோதும் எழுதின. ஒரு கடை வந்ததும் போனதும் தேசியச் செய்தியாகும் நிலையில்தான் அந்த முனை இருக்கிறது.

அதே வைத்தியத்தை ஸ்டேட் தெருவுக்கும் 1979-ல் செய்தார்கள் என்பது வேடிக்கை. பேருந்து தவிர வேறு வண்டி கூடாது, நடைபாதை அகலம். நடைபாதையை அகலப்படுத்தியதும் கூட்டம் அடர்த்தி குறைந்து தெரு வெறிச்சென்று தெரிந்தது. வசதி படைத்தவர்கள் ஏற்கெனவே ஆற்றுக்கு வடக்கே, மிஷிகன் அவென்யூவின் உயர்ந்த கட்டடக் கடைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். 1996-ல் மறுபடி பெயர்த்துப் பழையபடி தெருவாக்கினார்கள். ஃபீல்டு கடைக்கு எதிரே இருந்த முழு மனைத்தொகுதி, ‘பிளாக் 37’ என்பார்கள், 1989-ல் இடிக்கத் தொடங்கி 2009-ல் வணிக வளாகம் திறக்கும்வரை பெரும்பாலும் வெறுந்தரையாகக் கிடந்தது. நகரின் நட்டநடுவில், தங்க விலை மனையில், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் போட்டுச் சமாளித்தார்கள்.

ஊரின் தெற்கே கறுப்பினத்தவர் பேட்டையான பிரான்ஸ்வில்லின் கதையை வண்டி மாறும் கணக்கு மட்டும் விளக்காது. அங்கே கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் சட்டமும் வன்மமும். தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் ரயிலேறி வந்து இறங்கினார்கள். 1910-ல் நகரில் 44,000 பேர், 1930-ல் 2,33,000-க்கும் மேல். ஆனால் அவர்கள் குடியிருக்க முடிந்த இடம் ஸ்டேட் தெருவை ஒட்டிய ஒரு குறுகிய பட்டை மட்டும். பிற பகுதிகளில் ‘கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம்’ என்று அண்டை வீட்டார் கூடிப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தார்கள். நீதிமன்றங்களும் 1948 வரை அந்தப் பத்திரங்களை அமல்படுத்திக் கொடுத்தன.

அடைபட்ட அந்தப் பட்டைக்குள் ஒரு முழு நகரமே எழுந்தது. ஜெஸ்ஸி பிங்கா 1908-ல் வங்கி தொடங்கினார். முக ஒப்பனைப் பொருள் விற்றுப் பணம் சேர்த்த ஆண்டனி ஓவர்டன் தன் கம்பெனிக்கும் வங்கிக்கும் பத்திரிகைக்கும் சேர்த்து ஸ்டேட் தெருவில் கட்டடம் கட்டினார். ராபர்ட் ஆபட் 1905-ல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ தென் மாநிலங்களுக்கு ரகசியமாகப் போய், வடக்கே வரச் சொல்லி ஆசைகாட்டியது. முதலில் 35-ஆம் தெரு, அப்புறம் 47-ஆம் தெரு என்று கடைவீதி தெற்கே நகர்ந்தது. 1928-ல் திறந்த ரீகல் தியேட்டரில் பாடாத ஜாஸ் கலைஞர்கள் குறைவு. இருந்தும் பெரிய கடைகளின் முதலாளிகள் வெளியாட்கள், கல்லாவில் உட்காருபவர்களும் வெளியாட்கள். 1930-ல் ‘வேலை தராத இடத்தில் காசைச் செலவழிக்காதே’ என்று வுல்வொர்த் கடைக்கு முன் மறியல் நடந்து, கறுப்பின விற்பனைப் பெண்களை வேலைக்கு எடுக்க வைத்தது. அதே ஆண்டு பிங்காவின் வங்கி திவாலாகி ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு கரைந்தது.

அந்தப் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற 1948 தீர்ப்புக்குப் பிறகு வசதியுள்ளவர்கள் தெற்கிலும் மேற்கிலும் வீடு வாங்கிப் போனார்கள். போகக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் வேறு போக்கிடம் இல்லாமல் வந்துகொண்டிருந்த வாடிக்கையை நம்பி ஓடிய கடைகளுக்கு அது பேரிடி. பழைய வீடுகளை இடித்து 1962-ல் ஸ்டேட் தெரு ஓரமாக 16 மாடியில் 28 கோபுரங்கள், ராபர்ட் டெய்லர் குடியிருப்பு, கட்டினார்கள். அவற்றின் அடித்தளத்தில் கடைக்கு இடமே வைக்கவில்லை. பக்கத்தில் அகலமான விரைவுச்சாலை. 1973-ல் ரீகல் இடிக்கப்பட்டது, 2007-க்குள் அந்தக் கோபுரங்களும் போயின. ஓவர்டன் கட்டடம் போன்ற சில மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக நிற்கின்றன.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிகாகோவுக்கு அதிகாரபூர்வமாக 77 பகுதிகள். 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் ஆய்வு வசதிக்காக 75 என்று பிரித்தார்கள், பின்னால் இரண்டு சேர்ந்தன. கணக்கெடுப்புக்கு அதுதான் அளவுகோல். ஆனால் பேச்சு வழக்கில் இருக்கும் பல பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பிரான்ஸ்வில் இல்லை. செக் நாட்டவர் தங்கள் ஊர் நினைவாக வைத்த பில்சன் இல்லை. லிட்டில் வில்லேஜ் என்பது பட்டியலில் சவுத் லாண்டேல். பக்கத்து நார்த் லாண்டேலில் கறுப்பினத்தவர் பெருகியதும், ‘நாங்கள் வேறு’ என்று காட்டிக்கொள்ள அங்கிருந்த கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினர் 1964-ல் சூட்டிய பெயர்தான் லிட்டில் வில்லேஜ். சில ஆண்டுகளில் அவர்களே கிளம்பிப் போனார்கள். பெயர் மட்டும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களுக்கு நிலைத்தது. இன்று அதன் 26-ஆம் தெருவில் திருமண உடை, கேக், தொப்பி, செருப்பு என்று கடைகள் இடைவெளியின்றி நிற்கின்றன. மிஷிகன் அவென்யூவுக்கு அடுத்தபடி அதிக விற்பனை வரி கட்டும் தெரு என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

இங்கேதான் என் வாய்பாட்டுக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. டிராம் போனபின்பும் பிழைத்த கடைத்தெருக்களில் பல, வணிக வளாகத்தில் கிடைக்காத சரக்கு தேவைப்பட்ட புதுக் குடியேறிகளால் பிழைத்தவை. கிளார்க் தெருவில் இருந்த சீனர்கள், வாடகை உயர்வும் விரோதமும் தாங்காமல் 1912 வாக்கில் தெற்கே வென்ட்வொர்த் தெருவுக்கு மொத்தமாக நகர்ந்தார்கள். பல அமெரிக்க நகரங்களில் சைனாடவுன் சுருங்கிக்கொண்டிருக்க, சிகாகோவில் அது வளர்கிறது. 1993-ல் பழைய ரயில் சரக்கு நிலத்தில் ஒரு புதுக் கடைச்சதுக்கமே கட்டினார்கள்.

நம் ஆட்களுக்குத் தெரிந்தது டிவான் அவென்யூ. எழுத்தைப் பார்த்து ‘டெவன்’ என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிலடெல்பியா ரயில் தடத்திலிருந்த ஒரு நிலையத்தின் பெயரை 1880-களில் மனை விற்ற ஒருவர் இங்கே ஒட்டவைத்தார். யூதர்களின் ரொட்டிக்கடைகளும் புத்தகக்கடைகளும் இருந்த தெரு. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் வரத் தொடங்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் புடவைக்கடை, 1974-ல் பட்டேல் பிரதர்ஸ் மளிகை. இன்று நாடெங்கும் கிளையுள்ள அந்த நிறுவனத்தின் பிறப்பிடம் இந்தத் தெருதான். புடவை, 22 காரட் நகை, துவரம்பருப்பு, அப்புறம் ஊருக்குக் கொண்டுபோக 220 வோல்ட் மிக்சியும் பெரிய பெரிய சூட்கேசும். அமெரிக்காவில் இருந்துகொண்டு அமெரிக்காவில் ஓடாத மின்சாதனங்களை விற்ற கடைகள் வேறெங்கே இருந்திருக்கும்!

டிவானுக்கு உயர்பாதை ரயில் கிடையாது. வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி முப்பது நாற்பது மைல் தள்ளியிருக்கும் புறநகர்களிலிருந்து காரில் வந்தார்கள். ஆரோராவில் பாலாஜி கோயிலுக்கோ லெமான்டில் ராமர் கோயிலுக்கோ போவது ஒரு பக்கம், மாதச் சாமான் வாங்க டிவான் ஒரு பக்கம் என்று ஞாயிற்றுக்கிழமை கழிந்த தமிழ்க் குடும்பங்கள் பல. பிறகு நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கமே இந்திய மளிகைக் கடைகள் வந்துவிட்டன. எங்கிள்வுட்டுக்கு எவர்கிரீன் பிளாசா செய்ததை, டிவானுக்கு அதன் பிள்ளைகளே செய்தார்கள் எனலாம். ஆனாலும் தெரு சாகவில்லை. ஹைதராபாத்காரர்கள், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், அண்மையில் ரோஹிங்கியா அகதிகள் என்று அந்தப் பேட்டையிலேயே நடந்து வரும் தூரத்தில் குடியிருப்போர் வாடிக்கை கூடியது. ஒரே தெருவின் துண்டுகளுக்குக் காந்தி, ஜின்னா, முஜிபுர் ரஹ்மான், கோல்டா மெயர் என்று கௌரவப் பெயர்ப் பலகைகள். நேரில் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்களா தெரியாது, கம்பத்தில் அருகருகே தொங்குகிறார்கள்.

புதுக் குடியேறிகளின் வாசல் என்று சொல்லத்தக்க பழைய சந்தை மேக்ஸ்வெல் தெரு. 1880-களில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தள்ளுவண்டியில் தொடங்கியது. தென் மாநிலங்களிலிருந்து வந்த பாடகர்கள் பக்கத்துக் கடையிலிருந்து மின்சாரம் வாங்கிக் கிதாரை ஒலிபெருக்கியில் இணைத்தது இங்கேதான். சிகாகோ ப்ளூஸ் இசையின் ஒலி உருவானதில் இந்த நடைபாதைக்கும் பங்கு உண்டு. 1994-ல் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக மாநகராட்சி சந்தையைக் கிழக்கே கேனல் தெருவுக்கு நகர்த்தியது, 2008-ல் மறுபடி நகர்த்தியது. பழைய இடத்தில் சில முகப்புகளை மட்டும் விட்டு, வெண்கலச் சிலைகள் வைத்து அழகுபடுத்தியிருக்கிறார்கள். என் பார்வையில், இடித்துத் தள்ளியதைவிட அந்தச் சிலைகள்தான் உறுத்துகின்றன.

ஃபுல்டன் மார்க்கெட் பக்கம் காற்று தலைகீழாக அடிக்கிறது. இறைச்சி, மீன், முட்டை மொத்த வியாபாரக் கிடங்குகள் நிறைந்த பகுதி. 2012-ல் மார்கன் தெருவில் உயர்பாதை நிலையம் திறந்தது. பத்து மாடிக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றை அலுவலகமாக்க எடுத்தபோது, பல பத்தாண்டுகளாக உறைந்து கிடந்த உட்புறத்தை முதலில் உருக்க வேண்டியிருந்தது. அதில் குடிவந்தது கூகுள். 1970-களின் தொடக்கத்தில் நகரை விட்டுப் புறநகருக்குப் போன மெக்டொனால்ட்ஸ் தலைமையகம் 2018-ல் ராண்டால்ஃப் தெருவுக்குத் திரும்பி வந்தது. பகுதியை 2015-ல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள், கட்டடங்களின் முகம் தப்பியது. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு லாரி நிறுத்திச் சரக்கு இறக்கிய இறைச்சி வியாபாரிகள் நல்ல விலைக்கு இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். சட்டம் செங்கல்லைக் காக்கும், தொழிலைக் காக்காது.

நிலையத்துக்கு அருகே வாகன நிறுத்துமிடம் இல்லாமலே அடுக்குமாடி கட்டலாம் என்று 2013-ல் மாநகராட்சி விதியைத் தளர்த்தியது. மில்வாக்கி அவென்யூ ஓரம் அதன் விளைவு கண்கூடு. அந்தத் தெருவும் நார்த், டேமன் தெருக்களும் சேரும் ஆறுமுனையில் 1895 முதல் ரயில் நிற்கிறது. அங்கிருந்த பழைய வங்கி 2012-ல் மருந்துக்கடை ஆனது. நிலவறைப் பெட்டகத்தில் வைட்டமின் மாத்திரை அடுக்கினார்கள். டிராம் காலத்து முனைகள் ரயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் திரும்ப உயிர் பெறுகின்றன. பேருந்து மட்டும் வரும் முனைகள் இன்னும் காத்திருக்கின்றன. 63-ஆம் தெரு முனைக்கு ரயில் இன்றும் இருக்கிறது. ஆனால் ஏறி இறங்க ஆள் வேண்டுமே. சுற்றிலும் இடிபட்ட வீடுகளின் மனைகளில் புல் வளர்ந்திருக்கிறது.

பேருந்துக்குத் தனிப் பாதை ஒதுக்கினால் இந்த முனைகளுக்கு நல்லது என்ற யோசனை பல காலமாக இருக்கிறது. அதில் எதிர்பாராத ஒரு முட்டுக்கட்டை. 2008-ல், நிதி நெருக்கடியில் இருந்த மாநகராட்சி, தெருவோரக் கார் நிறுத்தக் கட்டண மீட்டர்கள் சுமார் 36,000-ஐயும் 75 ஆண்டுக்கு ஒரு தனியார் கூட்டமைப்பிடம் 115 கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. நகர மன்றம் சில நாளில் ஒப்புதல் அளித்தது, பணமும் சீக்கிரமே செலவாயிற்று. கடைவீதியில் பேருந்துக்காகவோ திருவிழாவுக்காகவோ மீட்டர் உள்ள ஓர் இடத்தை எடுத்தால், நகரம் அதற்கு இழப்பீடு கட்ட வேண்டும், அல்லது வேறிடத்தில் ஈடு செய்ய வேண்டும். டிவானில் துவரம்பருப்பு வாங்க வண்டியை நிறுத்துபவர் போடும் கட்டணம் நகராட்சிக் கல்லாவுக்குப் போகாது. 2083 வரைக்கும் இதே ஏற்பாடுதான்.